விலை சொன்னது கதவுக்கு, செலவானது விளிம்புக்கு

பழைய சுரங்க ரயில் நிலையம் ஒன்றில், நடைமேடை விளிம்பில் வேலிபோல் நின்று ரயில் வந்து நின்றதும் மட்டும் திறக்கும் நடைமேடைத் தடுப்புக் கதவுகள் பொருத்தும் வேலையைத் துணை ஒப்பந்தமாக எடுத்து, ஒப்பந்தத் தொகையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைக் கையிலிருந்து போட்டு முடித்துக்கொடுத்தவன் நான். காலம் திட்டத்தைப்போல் இரண்டு மடங்கானது. இந்த வேலையில் எல்லாமே இரவில்தான் என்பதால், அந்தக் காலம் முழுவதும் பகலில் தூங்குவதாகப் பாவனை செய்துகொண்டு கிடந்தேன். இதற்கு முன்பு புதிய ரயில் பாதைகளில் இதே கதவுகளைப் பொருத்திய அனுபவம் எனக்கு உண்டு. அந்த அனுபவம் இங்கே உதவியதைவிட ஏமாற்றியதுதான் அதிகம். புதிய நிலையத்தில் கதவின் அளவைச் சொன்னால் அதற்கேற்ப நடைமேடையை வார்த்துக் கொடுப்பார்கள். பழைய நிலையத்தில் நடைமேடை ஏற்கெனவே தன் இஷ்டத்துக்கு உட்கார்ந்திருக்கிறது. கதவுதான் வளைந்துகொடுக்க வேண்டும். கேட்டுத் தெரிந்துகொள்ளவும் ஆள் இல்லை. இத்தகைய வேலையைச் செய்தவர்கள் ஒப்பந்தத்தின் ரகசியக் கட்டுப்பாட்டைச் சொல்லி வாயைத் திறக்க மாட்டார்கள். கதவு தயாரிப்பாளரின் கையேடு மோட்டாரையும் கண்ணாடியையும் பற்றி நூற்றுக்கணக்கான பக்கங்கள் பேசும். தரையைப் பற்றி ஒரு பக்கம் பேசும்.

விலைப்புள்ளி தயாரித்த நாட்களில் கூட்டங்களில் அடிக்கடி காதில் விழுந்த பெயர் பாரிஸ். அங்கே 1900இல் திறக்கப்பட்ட 1ஆம் எண் பாதையிலேயே பாதி உயரக் கதவுகளைப் பொருத்தி, 2011இல் ஓட்டுநர் இல்லாத ரயிலையும் விட்டுவிட்டார்கள், நூறு வயதைத் தாண்டிய பாதையிலேயே முடிந்ததென்றால் இங்கே என்ன தடை என்று முதன்மை ஒப்பந்ததாரரின் ஆட்கள் உற்சாகமாகப் பேசினார்கள். பேச்சு உண்மைதான். அதில் விட்டுப்போன பாதியைப் பிற்பாடு நானே தேடிப் படித்தேன்: பாரிஸில் கதவு வந்து இறங்குவதற்கு முன்பே நடைமேடைகளின் விளிம்புகளைப் பலப்படுத்திச் சீர்செய்யும் வேலை தனியாக நடந்திருக்கிறது. கதவு அதற்குப் பிறகுதான். ஹாங்காங்கும் ஓடிக்கொண்டிருந்த பாதையில் கதவு பொருத்திய நகரம்தான். செலவை ஈடுகட்ட அங்கே 2000ஆம் ஆண்டிலிருந்து 2013 வரை ஆக்டோபஸ் என்ற கட்டண அட்டையில் பயணம் செய்தவர்களிடம் ஒவ்வொரு பயணத்துக்கும் 10 சென்ட் கூடுதலாக வாங்கினார்கள். ஒரு கட்டணம் அத்தனை ஆண்டுகள் நீடித்தது என்றால் செலவு எப்படிப்பட்டது என்று விலை போடுகிறவர் ஊகித்துக்கொள்ளலாம். 1961இல் லெனின்கிராடில் திறந்த 'பார்க் பபேதி' நிலையத்தையும், 1987இல் கதவுகளோடே தொடங்கிய சிங்கப்பூரின் சுரங்க நிலையங்களையும் யாராவது முன்னுதாரணமாகக் காட்டினால் அதை ஒதுக்கிவிடுங்கள். அவை கதவை மனத்தில் வைத்தே கட்டப்பட்டவை. உங்கள் வேலைக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை.

எனக்கு முன்கூட்டியே கிடைத்திருக்க வேண்டிய ஆவணம் நியூயார்க்கினுடையது. அங்குள்ள 472 நிலையங்களையும் ஆராய்ந்து, 128இல் மட்டுமே கதவு பொருத்த வாய்ப்பிருக்கிறது என்று சொன்ன அறிக்கை 2022இன் தொடக்கத்தில் பொதுவெளிக்கு வந்தது. எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். மற்ற நிலையங்களை ஏன் தள்ளினார்கள் என்ற காரணங்கள்தான் நமக்கு வேண்டியவை. விளிம்பை ஒட்டி நிற்கும் தூண்கள், கதவு வைத்தபின் சக்கர நாற்காலி செல்ல இடம் மிஞ்சாத ஒடுக்கமான நடைமேடைகள், கதவின் பாரத்தைத் தாங்காத தளம், வளைவு, ஒரே பாதையில் ஓடும் வெவ்வேறு வகை ரயில்களின் கதவுகள் ஒரே இடத்தில் வந்து நிற்காதது. என் நிலையத்தில் தூண் தொல்லை மட்டும்தான் இல்லை. மற்றவை எல்லாம் ஒவ்வொன்றாக வந்து கதவைத் தட்டின. இத்தகைய வேலை உங்களிடம் வந்தால், இந்தக் காரணங்களைத் தாளில் எழுதிக்கொண்டு நிலையத்துக்குப் போய் நடைமேடையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடங்கள். விலை சொல்வதற்கு முன்பு செய்ய வேண்டிய வேலை இது.

எனக்குக் கொடுக்கப்பட்ட வரைபடங்கள் சுத்தமானவை, அழகானவை, நிலையத்தோடு சம்பந்தமில்லாதவை. பல பத்தாண்டுகளில் ஓட்டின்மேல் ஓடு பதித்து, ஈரம் கண்ட இடத்தில் பூசி, விரிசல் கண்ட இடத்தில் ஒட்டி, அந்த விளிம்பு உயரத்திலும் நேர்க்கோட்டிலும் விரற்கடைக் கணக்கில் அலைந்துகொண்டிருந்தது. கதவின் அடிச்சட்டத்துக்கு அனுமதிக்கப்பட்ட பிழையோ சில மில்லிமீட்டர்கள். லேசர் ஸ்கேன் எடுத்தோம். அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது: நடைமேடையை மட்டும் அளந்தால் பயன் இல்லை, தண்டவாளத்தையும் அதே அளவீட்டுச் சட்டகத்தில் சேர்த்து அளக்க வேண்டும். கதவு எங்கே நிற்கலாம் என்பதை முடிவு செய்வது ரயில் ஓடும்போது ஆடி அசைந்து அடைக்கும் வெளி. வளைந்த நடைமேடையில் பெட்டியின் நடுப்பகுதி ஒரு பக்கம் பிதுங்கும், முனைகள் மறுபக்கம் பிதுங்கும். அந்த வெளிக்குள் கதவைத் தள்ளினால் ரயில் உரசும். பயந்துகொண்டு நடைமேடைப் பக்கம் அதிகம் இழுத்தால் ரயிலுக்கும் கதவுக்கும் நடுவே ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விழும். இரண்டுமே உயிர் சம்பந்தப்பட்டவை.

இதெல்லாம் பாடப்புத்தகத்தில் இருப்பதுதான். புத்தகத்தில் இல்லாதது, தண்டவாளம் நகரும் என்பது. ஜல்லிமேல் கிடக்கும் பழைய பாதையில் பராமரிப்புக் குழுவினர் அவ்வப்போது வந்து ஜல்லியை இடித்துத் தண்டவாளத்தை நேராக்கிவிட்டுப் போவார்கள். நாங்கள் அளந்து, சட்டங்களைத் தயாரிக்கச் சொல்லி, அவை வந்து சேர்வதற்குள் அப்படி ஒரு குழு வந்து போயிருந்தது. அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் வேலையை அவர்கள் சரியாகத்தான் செய்தார்கள். இரு துறைகளுக்கும் நடுவில் பேசிக்கொள்ள ஒருவரை யாரும் நியமிக்கவில்லை, அவ்வளவுதான். ஒரு பகுதியின் தாங்குசட்டங்களை மறுபடி செய்ய வேண்டியிருந்தது, செலவு என் கணக்கில் விழுந்தது. கடிதம் எழுதினேன். 'களநிலையைச் சரிபார்ப்பது துணை ஒப்பந்ததாரரின் பொறுப்பு' என்ற ஒற்றை வரியைக் காட்டினார்கள். ஆகவே, அளவெடுத்த நாளில் தண்டவாளம் இருந்த நிலையை இரு தரப்பும் கையெழுத்திட்டு உறுதிசெய்ய வேண்டும், அதன்பின் நகர்த்தினால் செலவு நகர்த்தியவருடையது என்ற வாசகம் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். எனக்கு அடுத்து வருபவருக்கு நான் சொல்லக்கூடியவற்றில் அதிகப் பணம் மிச்சப்படுத்தும் வாசகம் இதுதான்.

அடுத்தது தளம். பழைய நடைமேடைகள் பலவற்றில் விளிம்பு என்பது சுவரிலிருந்து தண்டவாளத்தின் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய கான்கிரீட் பலகை. அதன்மேல் மக்கள் நிற்பார்கள் என்று கணக்குப் போட்டுக் கட்டினார்கள். அதன் ஓரத்தில் ஒரு வேலியை நட்டு, அந்த வேலியைக் கூட்டம் தள்ளும், நுழையும் ரயில் முன்னால் உருட்டிவரும் காற்று மோதும், ரயில் போனபின் உறிஞ்சும் என்றெல்லாம் அன்று யாரும் நினைக்கவில்லை. நேராகக் கீழே அழுத்தும் பாரத்தை அந்தப் பலகை தாங்கும். விளிம்பைப் பிடித்துத் திருகும் விசை வேறு விஷயம். முழு உயரக் கதவு என்றால் மேலே கூரையிலும் ஒரு பிடி கிடைக்கும், திருகல் குறையும். பழைய நிலையத்தில் அதற்கும் வழியில்லை. முழு உயரத்துக்கு அடைத்தால் சுரங்கத்துக்கும் நடைமேடைக்கும் இடையிலான காற்றோட்டம் மாறிவிடும். ரயில்களின் அசைவே காற்றை இழுத்துத் தள்ளிக்கொண்டிருந்த நிலையத்துக்குப் புதிய காற்றோட்ட ஏற்பாடும், தீ விபத்தில் புகை எப்படிப் போகும் என்ற புதிய கணக்கும் வேண்டும். அந்தச் செலவுக்குப் பயந்துதான் பெரும்பாலான பழைய பாதைகள் நெஞ்சளவுக் கதவோடு நிறுத்திக்கொள்கின்றன. ஆனால் நெஞ்சளவுக் கதவு தன் முழுத் திருகலையும் அடித்தளத்தில்தான் இறக்குகிறது. ஒரு செலவைத் தவிர்த்தால் இன்னொன்று வந்து நிற்கிறது.

கான்கிரீட்டைத் துளைத்து எடுத்த மாதிரிகள் எங்கள் கையிலேயே உதிர்ந்தன. எல்லா இடத்திலும் இல்லை. சில இடங்களில் பாறைபோல் இருந்தது, பத்தடி தள்ளி பிஸ்கட் போல் இருந்தது. உள்ளே கம்பி எங்கே ஓடுகிறது என்று கருவி வைத்துத் தேடினால் சில இடங்களில் கம்பியே இல்லை. முதலில் சொன்ன விலையில் கான்கிரீட்டில் பதிக்கும் ஆங்கர் போல்ட் அடிப்பதற்குத்தான் தொகை இருந்தது. நடந்ததோ விளிம்பை வெட்டி எடுத்துப் புதிதாக வார்க்கும் வேலை. 'கதவு பொருத்துவதற்குத் தேவையான அனைத்துத் துணைப் பணிகளும் உட்பட' என்று ஒப்பந்தத்தில் ஒரு சொற்றொடர் இருந்தது. அந்த 'துணைப் பணி' கதவைவிடப் பெரிதாக வளர்ந்தது. தளத்தின் மாதிரிச் சோதனை முடிவுகள் கையில் வராமல் மொத்தத் தொகைக்கு விலை கொடுக்காதீர்கள். கேட்டால் 'எல்லோரும் கொடுக்கிறார்கள்' என்பார்கள். கொடுக்கட்டும். விளிம்பு வேலையை மட்டும் தனியாகப் பிரித்து, ஒரு மீட்டருக்கு இவ்வளவு என்று அளந்து வாங்கும் விலையாக வையுங்கள்.

இரவு வேலையைப் பற்றி வெளியில் இருப்பவர்களுக்கு ஒரு கற்பனை உண்டு: கடைசி ரயில் போனதும் இறங்கி, முதல் ரயில் வரும்வரை வேலை செய்யலாம் என்று. கடைசி ரயில் போனபின் மின்சாரம் துண்டிக்க வேண்டும், துண்டித்ததைச் சோதித்து எர்த் கம்பிகளை மாட்ட வேண்டும், அனுமதிச் சீட்டில் கையெழுத்தாக வேண்டும். அதன்பின் சாமான்கள் இறங்க வேண்டும். விடிவதற்கு முன் எல்லாவற்றையும் தலைகீழ் வரிசையில் செய்ய வேண்டும். ஒரு ஸ்பேனர் எண்ணிக்கையில் குறைந்தாலும் பாதையைத் திருப்பிக்கொடுக்க முடியாது. தாளில் இருந்த நேரத்தில் பாதிக்குச் சற்று மேல்தான் கருவி கையில் ஓடியது. வேறு ஒரு பாதையில் ஏதோ கோளாறு என்று கடைசி ரயில் தாமதமானால் அந்த இரவே போய்விடும். ஆட்களுக்கு அன்றைய சம்பளத்தைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். தினமும் எத்தனை மணிக்குப் பாதை கைக்கு வந்தது, எத்தனை மணிக்குத் திருப்பிக்கொடுத்தோம் என்பதை ரயில் தரப்பின் மேற்பார்வையாளரிடம் அன்றன்றே கையெழுத்து வாங்கி வைத்தேன். பின்னால் இழந்த பணத்தில் ஒரு சிறு பங்காவது திரும்பி வந்ததென்றால் அந்த நோட்டுப் புத்தகத்தால்தான். ஞாபகத்தை நம்பி எழுதிய கோரிக்கைகள் எதற்கும் ஒரு காசு வரவில்லை.

கதவுப் பெட்டிகளை எப்படி உள்ளே கொண்டுபோவது என்பதும் முன்பே கேட்க வேண்டிய கேள்வி. பழைய நிலையத்தின் படிக்கட்டு திருப்பங்களில் நீளமான சட்டங்கள் திரும்பவில்லை. பாதைவழியாகப் பணி ரயிலில் கொண்டுவர வேண்டும் என்றால் அந்த ரயிலுக்கு மற்ற எல்லாப் பராமரிப்பு வேலைகளோடும் போட்டி. தூசியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். துளைக்கிற கான்கிரீட்டின் தூசி, பல்லாண்டு பிரேக் தேய்ந்து படிந்த இரும்புத் தூசி, பழைய பூச்சுகளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கிறதா என்ற சந்தேகம். கல்நார்ச் சோதனை முடிவு வராமல் ஒரு துளைகூடப் போட ஆட்களை விடாதீர்கள். இதில் எவர் அவசரப்படுத்தினாலும் எதிர்த்து நில்லுங்கள்.

இனி என்னை உண்மையிலேயே உடைத்த பகுதிக்கு வருகிறேன். மின்காப்பு. பெரும்பாலான மெட்ரோக்களில் ரயிலை ஓட்டும் மின்னோட்டம் தண்டவாளம் வழியாகத்தான் திரும்பிப் போகிறது. அதனால் தண்டவாளத்துக்கும் நிலத்துக்கும் இடையே ஒரு மின்னழுத்த வேறுபாடு இருக்கும். சக்கரம் வழியாக ரயிலின் உடலும் தண்டவாளத்தின் அழுத்தத்திலேயே இருக்கும். பயணி ஒருவர் ஒரு கையால் ரயிலையும் மறு கையால் நம் கதவுச் சட்டத்தையும் பிடித்தால் அந்த வேறுபாடு அவர் உடல் வழியாக வழி தேடும். இதைத் தவிர்க்கக் கதவு வரிசை முழுவதையும் நடைமேடைக் கட்டுமானத்திலிருந்து மின்காப்பு செய்து, தண்டவாளத்தோடு கேபிளால் இணைத்துவிடுவார்கள். இப்போது ரயிலும் கதவும் ஒரே அழுத்தம். ஆனால் கதவுக்கும் நிலத்துக்கும் வேறுபாடு வந்துவிட்டதல்லவா, அதனால் பயணி நிற்கும் தரைப் பட்டையையும் மின்காப்பு செய்ய வேண்டும். கேட்பதற்கு எளிமையாக இருக்கிறது. பரவலாகக் கேட்கப்படும் அளவுகோல், 500 வோல்ட் கொடுத்துச் சோதித்தால் மின்தடை அரை மெகாஓமுக்குக் குறையக் கூடாது என்பது.

காய்ந்த புதிய நிலையத்தில் இந்தச் சோதனை ஒரு சடங்கு. நான் புதிய பாதைகளில் பொருத்தியபோது மின்தடை அளக்கும் மெகர் கருவியை வைத்து எண்ணைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். இங்கே ஒரு நாள் இரவு தேறியது, மறுநாள் விழுந்தது. மறுபடி தேறியது, மறுபடி விழுந்தது. வரிசை முழுவதும் ஒன்றோடொன்று இணைந்திருப்பதால் நூற்றுக்கணக்கான போல்ட்களில் ஒன்றே ஒன்று கான்கிரீட்டுக்குள் ஒரு கம்பியைத் தொட்டாலும் மொத்த நடைமேடையும் தோற்றதாகக் காட்டும். எங்கே என்று கருவி சொல்லாது. இணைப்புகளைக் கழற்றி, வரிசையைப் பாதியாகப் பிரித்து, தோற்ற பாதியை மறுபடி பாதியாக்கித் தேட வேண்டும். விடிவதற்குள் எல்லாவற்றையும் திரும்ப மாட்ட வேண்டும். ஒருநாள் அதிகாலையில் வெளியே வந்து நடைபாதையில் உட்கார்ந்தபோது அழுகை வந்தது. நிறுவனம் என்னுடையது, சம்பளம் கேட்டு நிற்கும் ஆட்கள் என்னுடையவர்கள், முதன்மை ஒப்பந்ததாரரின் மின்பொறியாளரோ 'உங்கள் காப்பு, உங்கள் பிரச்சினை' என்று மின்னஞ்சலில் முடித்துக்கொண்டுவிட்டார்.

குற்றவாளிகள் ஒருவர் இல்லை, பலர் என்பது மெதுவாகத்தான் தெரிந்தது. ஓர் இடத்தில் காப்புக் குழல் நசுங்கிப் போல்ட் கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தது. இன்னோர் இடத்தில் ஒலிபெருக்கி கேபிள் போட வந்த வேறு ஒப்பந்ததாரர் தம் உலோகக் குழாயை எங்கள் சட்டத்தோடு திருகிவிட்டுப் போயிருந்தார். அவருக்கு அது ஒரு வசதியான இரும்பு. பார்வையற்றோருக்கான தடவு பட்டைகளில் உலோகத்தாலான ஒரு துண்டு காப்புப் பகுதிக்கு வெளியிலிருந்து உள்ளே பாலம் போட்டிருந்தது. இவை எல்லாவற்றையும் சரிசெய்தபின்னும் விழுந்தது. கடைசியில் பிடிபட்டவர்கள் துப்புரவுப் பணியாளர்கள். அவர்கள் நடைமேடையைக் கழுவும் இரவுகளில் தண்ணீர் அடிச்சட்டத்தின் இடைவெளியில் இறங்கி, அங்கே படிந்திருந்த இரும்புத் தூசியை நனைத்துவிடுகிறது. ஈரமான இரும்புத் தூசி நல்ல மின்கடத்தி. சுவரிலிருந்து கசியும் நீரும் மழைக்காலத்தில் அதற்குத் துணை. அடிச்சட்டத்தின் ஓரத்தில் நீர் வடியும் சரிவு கொடுத்து, இடைவெளியைத் துடைத்துச் சுத்தம் செய்யும்படி திறந்து வைத்து, கழுவும் முறையையே ஈரத்துணியால் துடைக்கும் முறையாக மாற்றச் சொல்லி எழுதி வாங்கியபின்தான் எண்கள் நிலைத்தன.

இந்த வேலையை எடுக்கிறவர் செய்ய வேண்டியவற்றைச் சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் இதை யாரும் சொல்லித்தர மாட்டார்கள். கதவு வரிசையைத் தண்டவாளத்தோடு இணைப்பதா, நிலத்தோடு இணைப்பதா என்ற முடிவு எழுத்தில் வரும்வரை போல்ட்டுக்கு ஆர்டர் கொடுக்காதீர்கள். லண்டன் போல நான்காவது தண்டவாளம் வழியாக மின்னோட்டம் திரும்பும் பாதைகளில் கணக்கே வேறு. ஒவ்வொரு கதவுப் பகுதியையும் பக்கத்துப் பகுதியோடு இணைப்பதற்கு முன் தனியாக அளந்து, எண்ணையும் அன்றைய ஈரப்பதத்தையும் எழுதி வையுங்கள். பகுதிகளை எளிதில் பிரிக்கும்படி இணைப்புகளைக் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். உங்கள் சட்டத்தில் வேறு எவரும் ஒரு திருகாணிகூட அடிக்கக் கூடாது என்பதை மற்ற ஒப்பந்ததாரர்களின் ஒப்பந்தத்திலும் எழுதச் சொல்லுங்கள். ஏற்புச் சோதனை எந்த நாளின் எந்த நிலையில் நடக்கும், அதன்பின் ஈரத்தால் மதிப்பு விழுந்தால் யார் பொறுப்பு என்பதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

கதவுகள் நின்றன. இப்போது ரயில் அவற்றின் எதிரே வந்து நிற்க வேண்டும். தானியங்கி முறையில் ஓடும் ரயில்கள் குறித்த இடத்திலிருந்து முன்னே பின்னே 30 சென்டிமீட்டருக்குள் நின்றுவிடும் என்று வைத்துக்கொண்டுதான் நடைமேடைக் கதவின் திறப்பை ரயில் கதவைவிட அகலமாக வடிவமைக்கிறார்கள். கையால் ஓட்டும் பழைய ரயிலில் மிகத் திறமையான ஓட்டுநரும் ஈரத் தண்டவாளத்தில் அந்தக் கணக்குக்குள் ஒவ்வொரு முறையும் நிறுத்த முடியாது. அவரைக் குறைசொல்வது அநியாயம். எங்களுக்கு இன்னொரு வில்லங்கமும் இருந்தது. கதவு இடங்கள் மாறுபட்ட ஒரு பழைய ரயில் வகை, நாங்கள் வேலையை முடிப்பதற்குள் ஓய்வு பெற்றுவிடும் என்று விலை கேட்டபோது சொல்லியிருந்தார்கள். ஓய்வு தள்ளிப்போனது, மறுபடியும் தள்ளிப்போனது. பொருத்திய கதவுகள் திறந்தபடியே பூட்டப்பட்டுக் கிடந்தன. சோதனை நடக்காததால் எங்கள் கடைசித் தவணையும் கிடந்தது. ஜப்பானில் இதற்கு வேறு வழிகள் கண்டிருக்கிறார்கள். டோக்கியோவின் அசகுசா பாதையில் ரயில் கதவுகளில் க்யூஆர் குறியீட்டை ஒட்டி, நடைமேடைக் கேமரா அதைப் படித்து எந்த வகை ரயில் என்று தெரிந்துகொண்டு திறக்கிறது. ரயிலில் புதிய கருவி எதையும் ஏற்ற வேண்டியதில்லை. ஒசாகாவில் 2023இல் திறந்த சுரங்க நடைமேடை ஒன்றில் வரும் ரயிலுக்கேற்பக் கதவுகளே இடம் நகர்ந்துகொள்கின்றன. நம் துணை ஒப்பந்தத்தில் இதையெல்லாம் தீர்மானிக்கும் அதிகாரம் நமக்கில்லை. ஆனால் பணம் பெறும் தவணையை ரயில்களின் வருகையோடு பிணைக்காதிருக்கும் அதிகாரம் உண்டு. பொருத்தி முடித்து, ரயில் இல்லாமல் செய்யக்கூடிய சோதனைகள் தேறியதும் தொகையின் பெரும்பங்கு வந்துவிட வேண்டும் என்று நான் இப்போது பிடிவாதமாகக் கேட்கிறேன்.

பயன்பாட்டுக்கு வந்த முதல் வாரங்கள் வேறு வகைப் பயம். எல்லாக் கதவுகளும் மூடிப் பூட்டிக்கொண்டன என்ற ஒற்றைச் சமிக்ஞை கிடைத்தால்தான் ரயில் கிளம்பும். ஒரு கதவின் ஒரு சென்சார் தயங்கினாலும் முழுப் பாதையும் நிற்கும், தொலைபேசி எனக்கு வரும். ஊழியர் அந்தக் கதவை மட்டும் சாவியால் ஒதுக்கிவிட்டு ரயிலை விடலாம். அந்தச் சாவியை யார் வைத்திருப்பது, ஒதுக்கிய கதவின் முன் யார் நிற்பது என்ற பயிற்சியை நிலைய ஊழியர்களுக்கு முன்பே கொடுக்கும்படி கேளுங்கள். சென்சார் சும்மா சும்மா நிறுத்துகிறது, உணர்திறனைக் குறையுங்கள் என்று மூன்று திசைகளிலிருந்தும் நெருக்குவார்கள். நான் மறுத்தேன். 2007இல் ஷாங்காயிலும், 2014இல் பெய்ஜிங்கிலும், 2022இல் மறுபடி ஷாங்காயிலும் ரயில் கதவுக்கும் நடைமேடைக் கதவுக்கும் நடுவே சிக்கிப் பயணிகள் இறந்திருக்கிறார்கள். உயிர் காக்க வைத்த கதவு, அளவும் சென்சாரும் சரியில்லை என்றால் தானே ஒரு பொறி. உணர்திறனைக் குறைக்கச் சொல்பவர் பெயரோடும் கையெழுத்தோடும் எழுதிக்கொடுக்கட்டும் என்று சொன்னேன். எவரும் எழுதவில்லை. பிறகு சென்சாரின் கண்ணாடியில் படியும் பிரேக் தூசியைத் துடைக்கும் கால அட்டவணை ஒன்றைப் போட்டதும் பொய்த் தடங்கல்கள் வெகுவாகக் குறைந்தன.

வேலை முடிந்தபின் தெரியும் குறைகளை நாங்களே சரிசெய்ய வேண்டிய குறைதீர்ப்புக் காலத்தில் பழுது பார்க்க ஒரே ஓர் ஆளை வைத்துக்கொள்ளலாமே என்று செலவைக் காட்டி யோசனை சொன்னார்கள். நஷ்டத்தில் இருந்த எனக்கு அது ஆசை காட்டும் யோசனைதான். 2016 மே மாதம் சியோலின் குயி நிலையத்தில், துணை ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் 19 வயதுப் பணியாளர் நடைமேடைக் கதவைத் தனியாகப் பழுது பார்க்கும்போது உள்ளே நுழைந்த ரயிலில் சிக்கி இறந்தார். இருவராகச் செய்ய வேண்டிய வேலை என்று அங்கே விதி இருந்தது, ஆள் இல்லை. 2013லும் 2015லும் அதே நகரின் வேறு நிலையங்களில் அதே மாதிரி மரணங்கள் நடந்திருந்தன. என் ஒப்பந்தமும் அடித்தட்டு ஒப்பந்தம்தான், என்னிடம் வேலை செய்யும் பையன்களும் ஏறக்குறைய அந்த வயதுதான். இருவர் இல்லாமல் எவரும் தண்டவாளப் பக்கம் தலையை நீட்டக் கூடாது, ரயில் ஓடும் நேரத்தில் அந்தப் பக்கம் வேலையே கிடையாது என்று எழுதிக்கொடுத்து, அதற்கான சம்பளத்தையும் நஷ்டக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். நீங்கள் விலை போடும்போதே இரண்டு ஆட்களுக்குப் போடுங்கள். கதவை வாங்கும் முன் தயாரிப்பாளரிடம், மோட்டாரையும் சென்சாரையும் நடைமேடைப் பக்கத்திலிருந்தே கழற்ற முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் வேறு கதவைப் பாருங்கள்.

இவ்வளவு சொன்னதால் கதவே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். கூட்ட நேரத்தில் விளிம்பின் ஓரம் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு பதற்றமில்லாமல் நிற்கும் பெற்றோரைப் பார்க்கும்போது செலவெல்லாம் மறந்துவிடும் என்று எழுத ஆசைதான். மறக்கவில்லை. குறைதீர்ப்புக் காலம் முடிந்தும் அதுவரை உத்தரவாதமாகப் பிடித்தம் செய்த தொகையில் பாதி இன்னும் வந்து சேரவில்லை. இரு சிறு குறைகளைக் காட்டி நிறுத்தி வைத்திருக்கிறார்கள், அவற்றில் ஒன்று எங்கள் வேலையே இல்லை. இதற்கிடையில் அதே பாதையில் அடுத்த நிலையத்துக்கு விலை கேட்டு அழைத்தார்கள். தளத்தின் சோதனை முடிவுகளும், தண்டவாள நிலைக்கான கூட்டுக் கையெழுத்தும், மின்னிணைப்பு முறை பற்றிய எழுத்துபூர்வமான முடிவும் முதலில் வரட்டும், விளிம்பு வேலைக்கு மீட்டர் கணக்கில்தான் விலை தருவேன் என்று பதில் அனுப்பியிருக்கிறேன். விலையைவிட நிபந்தனைகள் நீளமாக இருக்கின்றன என்று தொலைபேசியில் சிரித்தார்கள். கடிதமாக இன்னும் எதுவும் வரவில்லை.